இருநூற்றிருபதில் நாற்பது நிமிடம்

அன்புள்ள நர்ஸம்மாவுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் நலம். உன் நலமும், அங்கே நீ கவனித்துக்கொள்ளும் பெரியவர்களின் நலமும் அறிய ஆவல். கடிதத்தை இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று பள்ளியில் சொல்லித் தந்தார்கள். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் ஓவன் பழுது பார்த்துவிட்டு வாடிக்கையாளரிடம் கொடுக்கும் சீட்டுகள்தான். 'சூடேற்றும் காயில் மாற்றப்பட்டது, இயங்குகிறது' என்பதோடு முடிந்துவிடும். அதனால் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ கேட்டதால் எழுதுகிறேன். முதியோர் இல்லத்தில் உன் இரண்டு வருட ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது, இன்னும் மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள், போடட்டுமா என்று கேட்டாய். "போன்ல கேட்டா சரி சரின்னுதான் சொல்லுவீங்க. யோசிச்சு எழுதி அனுப்புங்க" என்றும் சொன்னாய். உண்மைதான். நீ முதலில் போகிறேன் என்றபோதும் நான் சரி என்றுதான் சொன்னேன். படித்த நர்சிங் படிப்பு பத்து வருடமாகப் பெட்டிக்குள் கிடந்தது, அதை எடுத்து உதறிக்கொண்டு நீ கிளம்பியபோது வேறு எதைச் சொல்வது?

அதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் முதலில் வீட்டு விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். போனில் நீ பார்க்கும் வீடு வேறு, இருக்கும் வீடு வேறு. கேமராவில் தெரிகிற அந்த ஒரு மூலையை மட்டும்தான் சனிக்கிழமை தோறும் சுத்தம் செய்கிறேன். மற்ற பக்கமெல்லாம் துணி மலை. பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்கு இரண்டு முறை போக மறந்துவிட்டேன். என் வலது தோள், கனமான ஓவன் கதவுகளைத் தூக்கித் தூக்கி, இப்போது சட்டை மாட்டும்போதே முனகுகிறது. வேலை முடிந்து மூன்று மாடி ஏறி வந்தால் காலணியைக் கூடக் கழற்றாமல் சோபாவில் விழுந்துவிடுகிறேன். இதையெல்லாம் உன்னிடம் சொன்னதில்லை.

நம் பெண் வாலுவைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். வாலு என்று பெயர் வைத்ததுதான் மிச்சம், இப்போது சேட்டையே கிடையாது. பதினான்கு வயதுக்கு இவ்வளவு அடக்கம் ஆகாது. சாப்பாட்டில்தான் முதலில் கவனித்தேன். தட்டில் வைத்தால் பாதி அப்படியே இருக்கும். பசியில்லை என்பாள். நான் செய்யும் முட்டையையும் ரொட்டியையும் மாறி மாறிப் பார்த்தால் எனக்கே பசி போய்விடுகிறது, அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

அதனால் ஒரு நாள் அவளை நம் இத்தாலியன் உணவகத்துக்கு அழைத்துப் போனேன். சமையலறைக் கதவை ஒட்டி நாம் வழக்கமாக உட்காரும் மேசைதான். நாம் தொப்பி என்று கூப்பிடும் சமையல்காரர் முழங்கை வரை மாவோடு வெளியே வந்து, நர்ஸம்மா எப்போது வருவார்கள் என்று கேட்டார். மெல்லிய பீட்சாவும், மண் கிண்ணத்தில் கொதிக்கக் கொதிக்க லசான்யாவும் வந்தன. வெண்ணெயில் பூண்டு வதங்கும் அந்த வாசனை, முள்கரண்டியில் எடுக்க எடுக்க நூலாக நீளும் அந்தச் சீஸ், எதுவும் மாறவில்லை. வாலு கூடுதலாக ஒரு துண்டு ரொட்டி கேட்டு வாங்கி, உன்னைப் போலவே கிண்ணத்தின் ஓரம் வரை சாஸை வழித்துச் சாப்பிட்டாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றுதான் எனக்கும் சாப்பாடு ருசித்தது. திரும்பி வரும் வழியில், "நல்லா இருந்துச்சுப்பா. ஆனா அம்மா வீட்டுல செய்றதுதான் லசான்யா" என்றாள்.

சரி, செய்துவிடுவோம் என்று இறங்கினேன். அலமாரிக் கதவின் உட்புறம் நீ பென்சிலால் எழுதி வைத்த குறிப்பு அப்படியே இருக்கிறது. தக்காளி சாஸ் ஒரு அடுக்கு, பாஸ்தாத் தகடு ஒரு அடுக்கு, வெள்ளை சாஸ் ஒரு அடுக்கு, மேலே சீஸ், இருநூற்றிருபதில் நாற்பது நிமிடம். அதற்கு முன் நல்ல பிள்ளையாக ஒரு காரியம் செய்தேன். நம் ஓவனில் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் சரியில்லை, பார்த்துத் தாருங்கள் என்று நீ எட்டு வருடம் கேட்டாய். ஊரில் உள்ள ஓவனையெல்லாம் சரி செய்கிறவனுக்குச் சொந்த வீட்டு ஓவனுக்கு நேரம் கிடைக்கவில்லை. இப்போது டயலைக் கழற்றி, உள்ளே கருவி வைத்து அளந்து, திருகாணியைத் திருப்பி, ஒரு டிகிரி கூடப் பிசகாமல் நிறுத்தினேன். உனக்குப் போனில் சொல்லிப் பெருமைப்பட வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

முதல் ஞாயிறு லசான்யா கருகிவிட்டது. மேலே கரி, ஓரமெல்லாம் ஓடு. இரண்டாவது ஞாயிறும் அதே கதி. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக, சீஸைக் குறை சொன்னேன், ட்ரேயைக் குறை சொன்னேன், கடைசியில் உன் கையெழுத்தையும் விடவில்லை. நாற்பதா, இருபதா என்று கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். வாலு கருகலைச் சுரண்டித் தள்ளிவிட்டுச் சாப்பிட்டாள். நல்லா இருக்குப்பா என்று வேறு சொன்னாள்.

அடுத்த வாரம் தொப்பியின் பெரிய ஓவனைப் பார்க்கப் போனபோது இதைச் சொல்லிப் புலம்பினேன். அவர் லசான்யாவுக்கு நூற்றெண்பதுக்கு மேல் போவதே இல்லையாம். "இருநூத்தி இருபதுல வச்சு அவங்க எட்டு வருஷம் நல்லா செஞ்சாங்கன்னா, உங்க ஓவன் எட்டு வருஷமா பொய் சொல்லியிருக்கு, மெக்கானிக்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் டயல் இருநூற்றிருபது காட்டும்போது உள்ளே நூற்றெண்பதுதான் இருந்திருக்கிறது. நான் சரி செய்து தர மாட்டேன் என்று தெரிந்து, அதற்குத் தகுந்தாற்போல் நீ உன் கணக்கை மாற்றிக்கொண்டிருக்கிறாய். ஓவன் விஷயத்தில் மட்டும்தான் அப்படி என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்ள முடியவில்லை.

வீட்டுக்கு வந்து, குறிப்பில் இருநூற்றிருபதை அடித்துவிட்டு நூற்றெண்பது என்று எழுதப் பென்சிலை எடுத்தேன். "அம்மா எழுத்து மேல எழுதாதீங்கப்பா" என்றாள் வாலு. கோபமாகச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள். நான் பென்சிலை வைத்துவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். டயலைக் கழற்றித் திருகாணியைப் பழையபடி தப்பாகவே திருப்பி வைத்தேன். இருபது வருடத் தொழிலில் ஒழுங்காக இருந்த ஒன்றை வேண்டுமென்றே கெடுத்தது இதுதான் முதல் தடவை.

போன ஞாயிறு, நீ எழுதியபடியே நாற்பது நிமிடம். மேலே பொன்னிறம், ஓரத்தில் சாஸ் குமிழிட்டுக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் ஆறவிடாமல் வெட்டக் கூடாது என்று நீ எழுதியதைக் கூட மீறவில்லை. வாலு இரண்டு துண்டு சாப்பிட்டாள். எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம். மூன்றாவது துண்டை அவள் தட்டில் வைத்தபோதுதான் சொன்னாள்: "அம்மா உங்ககிட்ட பதில் எழுதச் சொல்லிக் கேட்டிருக்காங்கல்ல. வரச் சொல்லாதீங்கப்பா. நீங்க சொன்னா வந்துடுவாங்க. அங்க சிரிச்சுப் பேசுறாங்க, இங்க அப்படிச் சிரிச்சதில்ல."

அவள் சொன்னதில் பொய்யில்லை. உன் சிரிப்பை நானும் போனில் கேட்கிறேன். அந்த மூன்றாவது துண்டை அவள் தொடவில்லை என்பதையும் பார்த்தேன்.

அவள் தட்டைக் கழுவப் போன பிறகு, பெற்றோர் கூட்டச் சீட்டு ஏதும் இருக்கிறதா என்று தேடியபோது அவள் பள்ளிப் பைக்குள் காலி மாத்திரை அட்டை கிடைத்தது. கேட்டேன். போன மாதம் மூன்று நாள் காய்ச்சலாம். என்னிடம் சொல்லாமல் தானே மாத்திரை போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போய் வந்திருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்றால், "நீங்க ரொம்பக் களைச்சுப் போயிருந்தீங்க" என்கிறாள். கருகியதை நன்றாக இருக்கிறது என்கிறாள், காய்ச்சலை மறைக்கிறாள், அம்மா வேண்டும் என்பதை வர வேண்டாம் என்று சொல்கிறாள். என்னிடமிருந்துதான் கற்றுக்கொண்டிருக்கிறாள். வேறு யார் இருக்கிறார்கள் இந்த வீட்டில்?

ஆகவே என் பதில். இதற்கு முன் இரண்டு தாள் கிழித்தாயிற்று. இரண்டிலும் 'உன் இஷ்டம்' என்று எழுதியிருந்தேன். இதில் எழுதிவிடுகிறேன்: கையெழுத்துப் போடாதே. வந்துவிடு. படிப்பை மறுபடி பெட்டிக்குள் வைக்கச் சொல்லவில்லை. இங்கேயும் ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. நீ எந்த ஷிப்ட் வேலைக்குப் போனாலும் சமையலறையை நான் பார்த்துக்கொள்கிறேன். என்னால் முடிகிறது, ஆனால் தனியாக முடியவில்லை. நான் ரொம்பக் களைத்துவிட்டேன். உன் சந்தோஷத்துக்குக் குறுக்கே நிற்கிறேன் என்றும் தெரிகிறது. தெரிந்தேதான் கேட்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். நான் வரச் சொன்னதை வாலுவிடம் சொல்லிவிடாதே. தன்னால்தான் அம்மா வேலையை விட்டாள் என்று அந்தப் பிள்ளை நினைத்துவிடக் கூடாது. எங்களைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை, அதனால் நானாகத்தான் கிளம்பி வந்தேன் என்று சொல். அவள் நம்புகிற மாதிரிச் சொல்.

என்னிடமும் அப்படியே சொல்.

நல்லபடியாக வந்து சேர்,
உன் மெக்கானிக்