ஷவர் கைப்பிடியும் அப்பாவின் வலது கையும்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறீர்கள் என்று நம்பிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. அப்பாவும் அப்படியே என்று எழுதத்தான் கை வரவில்லை. பதறாதே, கடைசிவரை படி. போனில் சொல்லலாம் என்றால் உன் குரல் கேட்டதும் ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார்.

நம் குளியலறை ஷவரின் கைப்பிடி கொஞ்ச நாளாகவே இறுக்கமாக இருந்தது. பிளம்பரைக் கூப்பிடலாம் என்று நான் வாயைத் திறந்தாலே, இதுக்குப் போய் ஆளா என்று அடக்கிவிடுவார். போன ஞாயிற்றுக்கிழமை காலை குளிக்கப் போனவர் உள்ளிருந்து என்னைக் கூப்பிட்டார். சத்தம் போடுகிற மனுஷரா அவர், கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடினேன். வெந்நீர்ப் பக்கம் திருப்பிய கைப்பிடி திரும்பி வரவில்லையாம். கதவு உள்தாழ்ப்பாள், தாழ்ப்பாளுக்கும் அவருக்கும் நடுவே கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் கொட்டுகிறது, கதவிடுக்கில் ஆவி வருகிறது, நான் கதவை இடிக்கிறேன். "கதவ விடு, மெயின் வால்வ மூடு" என்றார். பின்பக்கம் ஓடி வால்வை மூடுவதற்குள் என் உயிர் போய்த் திரும்பி வந்தது. வெளியே வந்தபோது தோள் முழுக்கச் செக்கச்செவேல். பிடித்து வைத்திருந்த பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தேன். நல்லவேளை, கொப்புளம் போடவில்லை.

அதற்குப் பிறகாவது ஆளைக் கூப்பிட விட்டாரா, இல்லை. நானே பார்க்கிறேன் என்று டூல்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, திருகாணியைக் கழற்றும் வேலையை என் தலையில் கட்டினார். கேட்டால் கண்ணாடி எங்கேயோ வைத்துவிட்டேன் என்கிறார். கண்ணாடி அவர் நெற்றி மேலேயே இருக்கிறது. சிரித்துக்கொண்டே நான்தான் கழற்றினேன். உள்ளே இருந்த உருண்டைப் பாகம் முழுக்க உப்புப் படிந்து சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாக இருந்தது. வினிகரில் ஊறப்போட்டு, பழைய பிரஷால் தேய்த்து, குழாய்க்குப் போடுகிற கிரீஸ் தடவி மாட்டினோம். நான் சமையல் எண்ணெயை எடுத்து வந்ததற்கு, ரப்பர் வளையம் ஊதிப்போகும் என்று ஒரு பாட்டும் கேட்டேன். மாட்டியதும் ஒரே விரலால் தள்ளினேன், வழுக்கிக்கொண்டு போயிற்று. நீங்களும் பாருங்கள் என்றேன். அவர் பிடித்தார். திருகினார். மணிக்கட்டு நடுங்கியதே தவிர கைப்பிடி அசையவில்லை. இன்னும் டைட்டாத்தான் இருக்கு என்றார், என்னைப் பார்க்காமலேயே. நான் மறுபடியும் தள்ளினேன், மறுபடியும் சுலபமாகப் போயிற்று. பட்டன் சட்டையை விட்டுவிட்டு மாதக்கணக்காக டீ ஷர்ட்டிலேயே திரிகிறாரே, மனுஷருக்கு இந்த வயதில் ஸ்டைல் வந்துவிட்டது என்று உன்னிடமே கேலி பேசினேனே, பட்டன் போடக் கை வராமல்தான் என்று தெரியாமல் எனக்கு எங்கே புத்தி போயிற்று. ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "பயமா இருக்கு. புள்ளைகிட்ட சொல்லிராத" என்றார்.

மறுநாளே கையோடு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். கழுத்தில் எலும்பு தண்டுவடத்தை அழுத்துகிறதாம், இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் காலுக்கும் வந்திருக்கும் என்றார் டாக்டரம்மா. அடுத்த மாதம் ஆபரேஷன். போன பலம் எவ்வளவு திரும்பும் என்று உறுதியாகச் சொல்ல முடியாதாம், மேற்கொண்டு போகாமல் நிறுத்திவிடலாமாம். அந்த மட்டுக்கும் நல்லது என்று நினைத்துக்கொள்கிறேன், ஆனாலும் அவர் தூங்கும்போது அந்த வலது கையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். குளிக்கப் போனால் இப்போதெல்லாம் தாழ்ப்பாள் போட விடுவதில்லை. அதற்கு ஒரு சண்டை.

லீவு கிடைத்தால் வா, கிடைக்காவிட்டால் மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. போனில் அழுதுவிடாதே, அவர் தாங்கமாட்டார். உங்கள் வீட்டு ஹீட்டரின் சூட்டையும் குறைத்து வை. நீங்கள் இருவரும் எல்லா நலமும் பெற்று நீண்ட நாள் வாழ வேண்டும். அப்பா எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார். என்ன எழுதுகிறாய் என்று கேட்டார், எல்லாவற்றையும் எழுதிவிட்டேன் என்றேன். கோபித்துக்கொள்வார் என்று பார்த்தேன். புள்ள எப்ப வருதுன்னு கேட்டு எழுது என்கிறார்.

உன்னை எதிர்பார்த்திருக்கும்,
அம்மா