யாருடைய சாயல்

தம்பிக்கு,

என் அச்சகத்தில் வரி கட்டாமல் மறைத்ததை, எனக்காக ஜெபிக்கத்தானே உன்னிடம் சொன்னேன்? அதிகாரி கேட்டதும், போதகருக்குப் பொய் வராது என்று எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாய்.

நீதிமன்ற வாசலில் விலங்கோடு நின்றவனிடம் பிரசங்கம் வேறு. "காசுல ரோம அரசன் ராயனோட முகம் இருந்துச்சு. அதை ராயனுக்கே கொடுங்கன்னுதானே அண்ணா இயேசு சொன்னாரு?"

"போடா, பெரிய பிரசங்கி!" என்றேன். சிறையில் யோசித்தேன். தேவனுடையதைத் தேவனுக்குக் கொடுக்கவும் சொன்னாரே. காசில் ராயனுடைய சாயல். மனிதனில் தேவசாயல் என்று ஞாயிறுதோறும் முழங்குபவன் நீ. காசோடு என்னையும் ஏன் ராயனிடம் கொடுத்தாய்?

மன்னிப்பெல்லாம் கேட்டு எழுதாதே. படுக்கையில் கிடக்கும் அம்மா என்னைத் தேடுவாள். வெளியூரில் வேலை என்று சொல். அந்த ஒரு பொய்யையாவது எனக்காகச் சொல்லித் தொலை.

இப்படிக்கு,
உன் அண்ணன்