ஒருநாள் விட்டு ஒருநாள்

கொஸ்லந்த,
16.3.1975

அன்பு மகன் சிவஞானத்துக்கு,

அப்பா எழுதுவது. கதிர்காமத்து முருகன் புண்ணியத்தில் நீ அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நானும் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம், சுகம் என்று எழுதக் கை வரவில்லை. உன் தங்கச்சி இராக்கம்மா போய் இன்றோடு ஐம்பத்தோரு நாள். அம்மா இந்த வாரந்தான் மறுபடி காலையில் ஆள் எடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்துக் கொழுந்தெடுக்கப் போனாள், கூடையில் பாதிகூட இல்லை, கங்காணி முழு நாள் கணக்கே போட்டான், அவனுக்கும் மனசு இருக்கிறது போல. வீட்டுக்கு வந்தால் பழக்கத்தில் மூன்று பேருக்கு ரொட்டி தட்டிவிடுகிறாள், பிறகு மூன்றாவது ரொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

உன் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. எழுத்து எப்போதும் போலக் கோழி கிளறிய மாதிரிதான், மூன்று தரம் படித்தேன். மதராஸில் சயரோகத்துக்குப் புது மருந்து செய்து பார்க்கிற வேலையை விட்டுவிடப் போவதாக எழுதியிருக்கிறாய். இருக்கிறதிலேயே புதிதான சிவப்புக் குளிசையை ஆறு மாதம் ஒருநாள் விடாமல் தின்றும் தங்கச்சி செத்துப் போனாள், இனி எந்தத் தூளை எதோடு சேர்த்து என்ன பிரயோசனம் என்று கேட்டிருக்கிறாய். உங்கள் பெரிய டாக்டரிடமும் அப்படியே சொல்லி நோட்டில் எழுதிவிட்டாயாம். அது தப்பு மகனே. அவள் ஒருநாள் விடாமல் தின்னவில்லை. நான் உனக்குப் பொய் எழுதினேன்.

போன ஆடியில் நீ வயிற்றைக் கட்டி வாங்கி, கப்பலில் வந்த ஆளிடம் கொடுத்தனுப்பிய குளிசை டப்பா வந்த நேரம் இங்கே என்ன நிலைமை என்று உனக்குத் தெரியாது, நானும் எழுதவில்லை. கூப்பனுக்கு மாவு ஒழுங்காகக் கிடைக்காது, தோட்டத்தில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. நம் ஒற்றை அறைக் காம்பராவில் மாவு இருந்தால் சுவருக்கு அந்தப் பக்கக் காம்பராவில் இருக்கிற ராசம்மாவுக்குப் பாதி, அவளிடம் மரவள்ளிக்கிழங்கு இருந்தால் நமக்குப் பாதி, அப்படித்தான் அந்த வருசத்தைத் தள்ளினோம். ராசம்மாவுக்கும் அதே வியாதி. புருஷனை இழந்தவள், இரண்டு சின்னப் பிள்ளைகள். அவள் இருமினால் இங்கே கேட்கும், இராக்கம்மா இருமினால் அங்கே கேட்கும். டப்பா வந்த மூன்றாம் நாள் இராக்கம்மாதான், "அக்காவுக்கும் குடுங்கப்பா, அதுக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு" என்றாள். கேட்டது அவள், ஆனால் கொடுத்தது நான். மாவைப் பங்கு போட்டுப் பழகிய கை மருந்தையும் பங்கு போட்டுவிட்டது. ஒருநாள் இவளுக்கு, மறுநாள் அவளுக்கு. ஆறு மாதத்தில் குணமாவது ஒரு வருசத்தில் ஆகட்டுமே என்று நினைத்தேன், நான்தான் பெரிய புத்திசாலி ஆயிற்றே. நீ ஒவ்வொரு கடிதத்திலும், குளிசை தின்ற அடையாளமாகச் சிறுநீர் தினமும் சிவப்பாகப் போகிறதா என்று கேட்டாய், போகிறது என்று எழுதினேன். தின்ற நாளில் கண்ணீர்கூடச் சிவந்து தலையணையில் கறை பட்டது, அதனால் இது முழுப் பொய் இல்லை என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். முதல் இரண்டு மாதம் இருவரும் தேறினார்கள், இராக்கம்மா பீலிவரை நடந்து போய்த் தண்ணீர் பிடித்து வந்தாள், அம்மா சாமிக்குத் தேங்காய் உடைத்தாள். கார்த்திகை மழையோடு மறுபடி காய்ச்சல் வந்தது. கடைசிக் கிழமை மூச்சு வாங்கிக்கொண்டே, "இன்னைக்கு என் முறையாப்பா" என்று கேட்டாள். இல்லம்மா, நாளைக்கு என்றேன். மறுநாள் கொடுத்தேன், அவளால் விழுங்க முடியவில்லை. அவள் அப்படிக் கேட்டது உன் அம்மாவுக்குத் தெரியாது, நீயும் எழுதிவிடாதே.

ராசம்மாவுக்கும் மறுபடி இரத்தமாக வருகிறது. போன வாரம் அவளைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன், இரண்டு மாதத்துக்கு முன் எடுத்த சளிக்கு முடிவு வந்திருந்தது. மருந்தை எப்படிக் கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டார், ஒளிக்காமல் சொன்னேன். அவர் ஏசவில்லை, ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். விட்டு விட்டுக் கொடுத்ததில் கிருமி சாகாமல் அந்த மருந்துக்குப் பழகிவிட்டது, இனிச் சிவப்புக் குளிசை இவளுக்குக் கேட்காது, வேறு புதிதாக ஏதாவது வந்தால்தான் உண்டு என்றார். நான் இரண்டு பேரையும் அரைகுறையாக விட்டேன் என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது. திரும்பி வரும் பஸ்ஸில் பெரகல சந்தி வரை ராசம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள். பிறகு, "நா வாங்காம இருந்திருந்தா தங்கச்சி பொழச்சிருக்கும்ல மாமா" என்று கேட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆகையால் நீ முதலில் போய் அந்த நோட்டைத் திருத்து. மருந்து தோற்றது என்று இருப்பதை அடித்துவிட்டு, தகப்பன் பங்கு போட்டான் என்று எழுது, என் பெயரைப் போட்டே எழுது. என் மேல் உனக்குக் கோபம் இருக்கும், இருக்கட்டும், அதற்காக வேலையை விட்டுவிடாதே. நீ மருந்தைக் கூண்டில் இருக்கிற எலிக்குக் கொடுத்துப் பார்க்கிறாய், அந்த எலிக்குப் பக்கத்துக் காம்பரா கிடையாது. இங்கே எல்லாருக்கும் பக்கத்துக் காம்பரா இருக்கிறது, அதையும் மனதில் வைத்து ஒரு மருந்து செய்யப் பார் ராசா.

நேரத்துக்குச் சாப்பிடு, வேலை செய்யும்போது வாயையும் மூக்கையும் கட்டிக்கொள், எங்களுக்கு இனி நீ ஒருவன்தான். நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மா உன் படத்துக்குத் திருநீறு வைத்திருக்கிறாள். எனக்குப் பதில் எழுத மனம் வராவிட்டால் எழுத வேண்டாம், வேலைக்கு மட்டும் போய்விடு. ராசம்மாவின் பிள்ளைகள் இரண்டும் இன்னும் இரும ஆரம்பிக்கவில்லை. சீக்கிரம் செய்.

இப்படிக்கு,
உன் அப்பா,
மு. கணபதி