நேத்துத்தான் நல்லாத் தூங்குனாக

செவ்வாய், ஆடி 9

ஒரு வாரமாக எனக்கு நெஞ்சில் குத்து. ஆபீஸில் டைப்ரைட்டர் முன்னால் உட்காரவே பயமாக இருந்தது. பெரியாஸ்பத்திரி வரிசையெல்லாம் நமக்கு ஆகாது என்று இன்று கே.கே. நகரில் ஒரு தனி டாக்டரிடம் போனேன். துணைக்கு என் மனைவி மரகதம் வந்தாள். மாடி ஏறியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, "வெறும் வாயு. நல்லா இருக்கீங்க" என்றார் டாக்டர். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. பிறகு அவர் மரகதத்தைப் பார்த்து, "உங்களுக்கு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார்.

"இப்பத் தேவலைங்க. நேத்துத்தான் நல்லாத் தூங்குனாக" என்று என்னைக் காட்டினாள்.

நர்ஸ் சிரித்தாள். நானும் சிரித்தேன். டாக்டர் சிரிக்கவில்லை. அவள் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். உள்ளே வெள்ளைவெளேர் என்று இருந்தது.

"ரத்தமே இல்லையே. எத்தனை மாசமா மூச்சு வாங்குது?" என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

"இவளைப் பெரியாஸ்பத்திரியில காட்டிக்கிறேன் சார்" என்று என் பாழும் வாய் சொல்லிவிட்டது. அவர் என் ஈ.சி.ஜி. காகிதத்தை மடித்துக் கொடுத்தார்.

இப்போது சாப்பிட்டு எழுந்ததும், "உனக்கு உடம்பு எப்படி இருக்கு?" என்று அவளிடம் கேட்டேன். கல்யாணமான நாளாக அப்படிக் கேட்டதாக ஞாபகம் இல்லை. கழுவிய தட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள். ஈரக்கையை என் நெஞ்சில் வைத்து, "என்னங்க, மறுபடியும் வலிக்குதா?" என்றாள்.