பிசிறு இல்லாத வளையங்கள்

அன்புள்ள உனக்கு,

உன் அக்கா வீட்டில் சௌகரியமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். இங்கே தொழிற்சாலையில் வேலை நன்றாகப் போகிறது. முன்பு நூறு இரும்பு வளையம் கடைந்தால் ஓரத்துப் பிசிறால் எட்டு வீணாகும். இப்போது ஒன்றுகூடக் கழிவுத் தொட்டிக்குப் போவதில்லை. மேனேஜர் என் படத்தை நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறார். அதில் திருட்டு முழி முழிக்கிறேன்.

பதினோரு வருஷமாக நான் மூன்றாம் நம்பர் லேத்தில் கடைந்த வளையங்கள் உன் மேசைக்கு வரும். நீ அரத்தால் அவற்றின் ஓரத்தில் துருத்தும் பிசிறை ராவுவாய். ஒருநாள் வீட்டில் சாப்பிடும்போது, "கம்பியிலேருந்து வளையத்தை அறுக்கறதுக்கு முன்னாடி ஓரத்தை லேசா சரிச்சு விட்டுப் பாருங்க, பிசிறே வராது" என்றாய்.

மறுநாள் செய்து பார்த்தேன். பிசிறு வரவில்லை.

"யாரு யோசனை இது?" என்று மேனேஜர் கேட்டார்.

"என்னோடதுதான் சார்" என்றேன்.

இனி ராவ ஆள் வேண்டாம் என்று மேனேஜர் உன்னை வேலையிலிருந்து நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிய அன்றாவது வாயைத் திறந்திருக்கலாம். நீ வாசலில் நின்று என்னையே பார்த்தாய். நான் சுத்தமாக இருந்த லேத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இன்று மதியம் வேண்டுமென்றே ஒரு வளையத்தைப் பழைய மாதிரி கடைந்தேன். பிசிறு விரலைக் கிழித்தது. பழக்கதோஷத்தில் உன் மேசை இருந்த பக்கம் நீட்டினேன். அது தரையில் விழுந்து உருண்டது.

நேராக மேனேஜரிடம் போய், அது உன் யோசனை என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார்.

"அதனால என்னப்பா, ரெண்டு பேரும் ஒரே வீடுதானே?"

ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

இப்படிக்கு,
மூன்றாம் நம்பர் லேத்