நான் சுடாத யானை

முஃபுவே
அக்டோபர் கடைசி வாரம்

அன்பு மகள் தியாமிகேவுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் கை கால் முழுசாக, வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறோம். முதலில் இதைப் படித்து ஒரு மூச்சு விட்டுக்கொள், மீதியை அப்புறம் படி. கடல் தாண்டி நீ வேலை பார்க்கிற அந்த ஈரக் குளிரில் உனக்குச் சளி இருமல் வரக்கூடாதென்று தினமும் கடவுளிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. லுவாங்வா ஆறு இளைத்து ஓடையாகிவிட்டது, நீர்யானைகளெல்லாம் மிச்சமிருக்கிற மடுவில் ஒன்றின் மேல் ஒன்று படுத்துக்கொண்டு சண்டை போடுகின்றன. மழைக்கு முன்னால் கூரை மாற்ற அப்பா புல் அறுத்துப் போட்டிருக்கிறார், அதில் பாதியைப் பக்கத்து வீட்டு ஆடு தின்றுவிட்டது, அதற்கு ஒரு பஞ்சாயத்து. ஃபெய்த் சித்திக்கு இடுப்பு வலி தேவலை, தேவாலயத்தில் மறுபடியும் எல்லாரையும் விட உரக்கப் பாடுகிறாள்.

அன்றைக்கு நீ போனில் அழுததும் டவர் போய்விட்டது, அப்புறம் எத்தனை முறை போட்டும் கிடைக்கவில்லை. "அம்மா, அந்த வீடியோல இருக்கறது நீதானா, யானை மேல வந்து நிக்குது, துப்பாக்கிய வெச்சிக்கிட்டு ஏம்மா மரம் மாதிரி நிக்கறே" என்று கேட்டாய். துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு உன்னிடம் வந்துவிடச் சொன்னாய். பொம்பளை கையில் துப்பாக்கி கொடுத்தால் இப்படித்தான் விறைத்துப் போவாள் என்று தலைநகர் லுசாக்காவில் யார் யாரோ எழுதியிருக்கிறார்களாம், அதை உன் ஆஸ்பத்திரியில் ஒருத்தி உனக்கே காட்டினாளாம். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அன்று காலை என் காவலில் காட்டு நடைக்கு முகாமிலிருந்து வந்த விருந்தாளிகள் மூன்றே பேர். வீம் என்று ஒரு டச்சுக்காரர், பள்ளியில் பாட்டு சொல்லிக் கொடுத்தவர், இப்போது காது சரியாகக் கேட்காது. அவர் மனைவி ஹன்னெக்கே, பல் வைத்தியம் பார்த்தவள், நெடுநெடுவென்று உயரம், எதற்கும் சுலபத்தில் சிரிக்காதவள். மூன்றாவது நம் நாட்டு ஆள்தான், லுசாக்காவில் கார் உதிரிப் பாகம் விற்கிற சிசெங்கா. பெம்பாக்காரன் அல்லவா, நான் கிழக்கத்திக்காரி என்று தெரிந்ததும் நம் இரண்டு இனத்துக்கும் உள்ள கேலி முறையை ஆரம்பித்துவிட்டான். "அக்கா, இந்த எலி தின்னிங்கள நம்பித்தான் நான் காட்டுக்குள்ள வரணுமா? நடுவுல ஒரு எலி ஓடுனா சிங்கத்த விட்டுட்டு அது பின்னாடி ஓடிடுவீங்களே" என்றான். "நீ கவலப்படாத தம்பி, குரங்கு தின்னிய சிங்கம் தொடாது, நாத்தம் ஆகாது அதுக்கு" என்றேன். வழிகாட்டி ஆப்ரி விழுந்து விழுந்து சிரித்துவிட்டு டச்சுக்காரர்களுக்கு அதை விளக்க முயன்றான், ஹன்னெக்கேவுக்குப் புரியவில்லை, நாங்கள் சண்டை போடுகிறோம் என்று நினைத்து முகத்தைச் சுருக்கிக்கொண்டாள். நான் துப்பாக்கியோடு முன்னால், எனக்குப் பின் ஆப்ரி, அப்புறம் விருந்தாளிகள், கடைசியில் தேநீர்ப் பையோடு லோவ்மோர். வழக்கமான நடை. வரிக்குதிரை பார்த்தார்கள், ஒட்டகச்சிவிங்கி பார்த்தார்கள், சிசெங்கா எல்லாவற்றையும் போனில் பிடித்துக்கொண்டே வந்தான்.

வற்றிய பழைய ஆற்றுக்கால் ஒன்றின் கரையில் பெரிய கருங்காலி மரத்தடியில் தேநீருக்கு உட்கார்ந்தோம். காற்று எங்கள் முகத்துக்கு அடித்துக்கொண்டிருந்தது, எங்கள் கரையிலேயே எதிரே இருந்த புதரில் எதுவும் இருந்தால் எங்கள் வாடை போகாது, அதனால் தைரியமாக உட்கார்ந்தோம். வீம் மனைவியிடம் ஏதோ சொல்லிவிட்டு கரையோரமாக நடந்து கல்லெறி தூரத்தில் ஒரு மரத்துக்குப் பின்னால் ஒதுங்கினார், ஆம்பளை ஒதுங்கப் போகிறார், நான் கூடவே போக முடியுமா, பார்வைக்குத் தப்பாமல் பார்த்துக்கொண்டேன். அப்போதுதான் காற்று திரும்பியது. பிடரியில் சில்லென்று பட்டது, எங்கள் வாடை புதருக்குள் போகிறதென்று புரிந்ததும் எழுந்துவிட்டேன். எதிர்ப் புதரில் அதுவரை லேசாகக் கேட்டுக்கொண்டிருந்த கிளை ஒடியும் சத்தம் நின்றது மகளே, அந்தச் சத்தம் நிற்பதுதான் மோசம். ஆப்ரியும் நானும் ஒருவரையொருவர் பார்ப்பதற்குள் புதரைப் பிளந்துகொண்டு ஒரு தாய் யானை வெளியே வந்தது, வந்தது நேராக வீம் மேலே.

ஆப்ரி மற்றவர்களை மரத்துக்குப் பின்னால் தள்ளினான். நான் ஓடினேன். ஓடும்போதே வீம் வீம் என்று கத்துகிறேன், அவருக்குக் கேட்கவில்லை, கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு ஆற்றுக்காலைப் பார்த்தபடி நிற்கிறார். அவர் யானைக்கும் எனக்கும் நடுவில் நின்றதால் குறி வைக்கவே வழியில்லை, சுட்டால் அவர் மேல்தான் படும். பக்கத்தில் போய்த் தோளைப் பிடித்துத் திருப்பினேன், திரும்பியவர் யானையைப் பார்த்தார், அப்படியே கல்லாகிவிட்டார். யானை காதை விரித்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் வந்து முன்காலை ஊன்றிச் சட்டென்று நின்றது. அது உதைத்த மண் எங்கள் முகத்தில் அடித்தது, வாயெல்லாம் மண். நான் துப்பாக்கியை உயர்த்திவிட்டேன், பூட்டையும் விடுவித்துவிட்டேன், விரல் விசையில் இருக்கிறது. நீ பார்த்த வீடியோ அந்த இடம்தான். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை, ஏனென்றால் அந்த நொடியில் ஆப்ரி சிசெங்காவின் கழுத்தைப் பிடித்துத் தரையில் அமுக்கிவிட்டான்.

வீடியோவில் கேட்காத ஒன்று எனக்குக் கேட்டது. எங்களுக்குப் பின்னால் ஆற்றுக்காலுக்குள் இருந்து ஒரு முனகல், குழந்தை மூக்கடைத்து அழுகிற மாதிரி. வீம் நின்று பார்த்துக்கொண்டிருந்ததும் அதைத்தான். குட்டி ஒன்று கரை சரிந்து கீழே சேற்றில் விழுந்து கிடக்கிறது, தாய்க்கும் அதற்கும் நடுவில் நாங்கள் இரண்டு பேர் நிற்கிறோம். அந்த யானை எங்களைக் கொல்ல வரவில்லை, எங்களைத் தாண்டி வருகிறது. அவ்வளவு கிட்டத்தில் சுட்டால் அது எங்கள் மேலேயேதான் விழும், விழாவிட்டால் புதருக்குள் நிற்கிற மீதிக் கூட்டம் வரும். சுடாவிட்டால் அது ஒரு எட்டு வைத்தால் போதும். யோசித்தேன் என்று சொன்னால் பொய், யோசிக்க நேரமில்லை. இடது கையால் வீமின் இடுப்பு வாரைப் பிடித்தேன், வலது கையில் துப்பாக்கி, குழாய் அதன் நெற்றியைப் பார்த்தபடியே இருக்க, பக்கவாட்டில் இழுத்தேன். அவர் கால் அசையவில்லை. மறுபடி இழுத்தேன். "நடய்யா, நடந்து தொலைய்யா" என்று நம் பாஷையிலேயே கத்தினேன், அவருக்கு என்ன புரியும், ஆனாலும் ஒரு கால் நகர்ந்தது. ஓடக்கூடாது, ஓடினால் முடிந்தது. நண்டு மாதிரி ஒவ்வொரு அடியாக நகர்ந்தோம், யானையின் தலையும் எங்களோடு திரும்பியது. அப்புறம் அது கிளம்பியது, இந்தத் தடவை காதை மடக்கிக்கொண்டு, சத்தமில்லாமல். உன் பெயரைச் சொல்லிக் கத்தினேனாம், ஆப்ரி சொன்னான், எனக்கு நினைவில்லை. அது எங்கள் பக்கத்திலேயே போய்க் கரையில் இறங்கியது, அதன் விலாவில் ஒட்டியிருந்த சேறு என் சட்டைக் கையில் பட்டது. கீழே குட்டியைத் தும்பிக்கையால் தூக்குவதும் முழங்காலால் தள்ளுவதுமாக இருந்தது, நாங்கள் அதைப் பார்க்க நிற்கவில்லை.

முகாமுக்கு வந்து சேர்ந்ததும் ஹன்னெக்கே என் எதிரில் வந்து நின்றாள். "நீ ஏன் சுடல? என் புருஷன் உயிர விட அந்த மிருகம் உனக்கு ஒசத்தியா?" என்று கேட்டாள். சுட்டிருந்தால் அது அவர் மேல் விழுந்திருக்கும் என்றேன். அவள் நம்பவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். மேலதிகாரி கூப்பிட்டு விசாரித்தார். "எஸ்நாத்தம்மா, நீ சுட்டிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன், சுடாததுக்கும் கேக்கல. ஆனா அது ஒரு அடி தப்பி வெச்சிருந்தா உன் புருஷன் லாக்சன்கிட்ட வந்து நான் என்னன்னு சொல்றது, அத மட்டும் நீயே சொல்லு" என்றார். அதற்குள் சிசெங்கா தன் மச்சானுக்கு அனுப்பிய வீடியோவை மச்சான் ஊருக்கே அனுப்பிவிட்டான். சிசெங்கா வந்து என் காலில் விழாத குறை, நான் அவனைத் தாண்டி வீட்டுக்கு நடந்துவிட்டேன். களி கிண்டும்போது கரண்டி கையை விட்டு நழுவியது, உன் அப்பா வாங்கி அவரே கிண்டினார். நான் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று அவரிடம் சொன்னேன். நீ போன் செய்ததும் அதே நாள் ராத்திரிதான், டவர் மட்டும் போகாமல் இருந்திருந்தால் சரி வருகிறேன் என்று சொல்லியிருப்பேன்.

மறுநாள் மத்தியானம் வாசலில் வண்டி வந்து நின்றது. சிசெங்கா ஓட்டிக்கொண்டு வந்தான், கேலி ஒன்றும் இல்லை, இறங்கி ஓரமாக நின்றான். ஹன்னெக்கே உள்ளே வந்து நம் ஸ்டூலில் முதுகு வளையாமல் உட்கார்ந்தாள். "எனக்கு இன்னும் உன் மேல கோவம் போகல. அதுக்கு வரல. அவர் கூடாரத்த விட்டு வெளிய வரல, சாப்பிடல, பேசல. இப்படியே ஊருக்குக் கூட்டிட்டுப் போனா வீட்டுக் கதவையும் தாண்ட மாட்டார். எனக்கு அவரத் தெரியும். மறுபடி நடக்கணும்னு சொன்னேன், அதுக்கு மட்டும் வாயத் தொறந்தார். அந்தம்மா முன்னாடி போனா வர்றேங்கறார்" என்றாள். நான் முடியாது என்றேன். வேறு ஆள் இருக்கிறார்கள், நல்லவர்கள் என்றேன். எனக்கே பயமாக இருக்கிறது என்றும் சொல்லிவிட்டேன். அவள் ஸ்டூலை என் பக்கம் நகர்த்திக்கொண்டு, "தெரியுது. அதனாலதான் அவர் உன்னக் கேக்கறார் போல" என்றாள். உன் அப்பா மூலையில் மக்காச்சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தார், அதை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய் என் பூட்ஸை வெயிலில் காய வைத்தார். அந்த மனிதரை என்ன செய்வது சொல்லு.

அடுத்த நாள் விடிந்ததும் அதே ஆட்களாகக் கிளம்பினோம். வேறு வழி, ஆற்றோரமாகத் திறந்த வெளி. வீம் என் தோள்பை வாரைப் பிடித்துக்கொண்டே வந்தார், அவர் இழுக்கும்போதெல்லாம் வார் என் தோளில் அழுந்தியது, என் பயம் அவருக்குத் தெரியக்கூடாதென்று துப்பாக்கியை இறுக்கிப் பிடித்திருந்தேன். ஒரு வளைவில் கிளை ஒடிந்தது. எல்லாரும் நின்றோம். எனக்குத் திரும்பி ஓடிவிடலாமா என்றே ஒரு நொடி தோன்றியது, உன்னிடம் மறைப்பானேன். காற்றைப் பார்க்க ஒரு பிடி மண்ணை உதிர்த்தேன், தூசி எங்கள் பக்கமே வந்தது. பாதைக்குக் குறுக்கே ஒரு கிழட்டு ஆண் யானை வந்தது, ஒற்றைக் கொம்பு, அவசரமே இல்லை. நாங்கள் மண்டியிட்டோம். அது ஆற்றில் இறங்கி, குடித்து, அக்கரை ஏறி மறைகிறவரை ஒருவரும் எழவில்லை. பார்த்தால் வீம் எப்போதோ என் வாரை விட்டுவிட்டுத் தனியாக இரண்டு அடி முன்னால் இருக்கிறார், முகமெல்லாம் சிரிப்பு. உடைந்து போனது ஹன்னெக்கேதான். எழுந்திருக்கப் போனவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்து உடம்பு குலுங்க அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன், துப்பாக்கியை ஆப்ரியிடம் கொடுத்தேன், எனக்கும் அழுகை வந்துவிட்டது. இரண்டு பேரும் என்னென்ன சொல்லி அழுதோமோ, அவள் அவள் பாஷையில், நான் என் பாஷையில். சிசெங்காவின் போன் அவன் பையை விட்டு வெளியே வரவில்லை.

ஆகவே மகளே, துப்பாக்கியை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. மழை பிடித்து முகாம்கள் மூடியதும் உன்னைப் பார்க்க வருகிறேன், இருக்க அல்ல, பார்க்க. அப்பாவையும் கூட்டி வருவேன், அந்தக் குளிருக்கு அவருக்கு ஒரு நல்ல கம்பளிச் சட்டை பார்த்து வை. நீ ரொட்டியையே தின்றுகொண்டு கிடக்காதே, மக்காச்சோள மாவு கொடுத்து அனுப்புகிறேன், இரவு வேலை முடிந்து வந்ததும் போனை நோண்டாமல் தூங்கு. ஆண்டவர் உன் வாசற்படியையும் நீ தொடுகிற நோயாளிகளையும் காக்கட்டும், அப்பாவும் உன் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கிறார் என்று எழுதச் சொல்கிறார். கடிதத்தையும் மாவையும் ஹன்னெக்கே எடுத்துப் போகிறாள், அவள் ஊரிலிருந்து உனக்கு அனுப்பிவிட்டுப் போன் செய்வாள். அவள் பேசுவது திட்டுகிற மாதிரியே இருக்கும், பயந்துபோய் வைத்துவிடாதே.

உன்னைப் பார்க்கும் நாளுக்குக் காத்திருக்கும்
உன் அம்மா
எஸ்நாத் ஸகாலா