சால்வை தீர்ந்துபோன பாராட்டு விழா

என் அருமை நாத்தனார் சாந்திக்கு,

உனக்குக் கடிதம் எழுத வேண்டிய தேவையே எனக்கு இருந்ததில்லை. ஒரே வீட்டில் சாப்பாடு, ஒரே பல்கலைக்கழகத்தில் வேலை. நீ தாவரவியல் பேராசிரியர், நான் நிர்வாக அலுவலகக் கண்காணிப்பாளர். உன் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வழிநெடுக ஊர்க்கதை பேசிக்கொண்டே வருவேன். "செத்த நேரம் வாயை மூடிக்கிட்டு வாரீகளா மதினி, வண்டி ஓட்டணும்ல" என்பாய். இப்போது வாயை மூடச் சொல்ல ஆளில்லை. அதனால் கேள்.

நேற்று சாதனையாளர் பாராட்டு விழா. ஏற்பாடு மொத்தமும் என் தலையில். இந்த வருடம் நம் ஆட்கள், சும்மா சொல்லக்கூடாது, அசத்திவிட்டார்கள். நூலகத்து சேகர் பகலெல்லாம் புத்தகம் அடுக்கிக்கொண்டே முனைவர் பட்டம் வாங்கிவிட்டான். இயற்பியல் துறை முத்துராமனை ஜப்பான்காரர்களே ஆராய்ச்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். எல்லாருக்கும் மேலே உன் ஆராய்ச்சி மாணவி, நம் ஜெயராணி. உன் ஆய்வகத்தில் உன்னோடு சேர்ந்து உருவாக்கிய விதைக் கலவைக்குக் காப்புரிமை கிடைத்துவிட்டது. அதில் முதல் பெயர் உன்னுடையது.

"தொட்டியில நல்லா வருது மதினி, வயல்ல தாங்குமான்னு தெரியலையே" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அதையேதான் கேட்டுக்கொண்டு கிடந்தாய். எனக்கென்ன தெரியும்? "எல்லாம் தாங்கும், நீ மொதல்ல கஞ்சியக் குடி" என்றேன். அந்தக் கேள்வியோடுதான், போன வருடம் விதைப்புக்கு முன்னமே, நீ போனாய்.

விழாவுக்கு ஜெயராணியின் அப்பா காளையார்கோவில் பக்கத்திலிருந்து வேன் பிடித்து, சொந்தக்காரர்களை எல்லாம் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். விவசாயி. "ஒம் மக இன்னுமா படிச்சு முடிக்கல?" என்று வருடக்கணக்காய்க் கேட்டுக் கொன்ற பங்காளியையும் விடாமல் கூட்டி வந்திருந்தார். வாசலில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தாயி, எம் மக என்ன வேல பாக்குதுன்னு யாராச்சும் கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. இன்னைக்கி இவுக முன்னாடி ரெண்டு வார்த்த சொல்லுவீகள்ல?"

"கட்டாயம் சொல்லுவோம்யா" என்றேன். வாய் சும்மா இருக்குமா?

பிறகு நடந்ததைக் கேட்டால் நீ தலையில் அடித்துக்கொள்வாய். வந்த விருந்தினரைச் சால்வை போடாமல் விட்டால் நமக்குத்தான் பொறுக்காதே. சிறப்பு விருந்தினருக்கு ஒன்று, கூட வந்தவருக்கு ஒன்று, அழைக்காமல் வந்த பழைய துறைத் தலைவருக்கு ஒன்று, கோபித்துக்கொள்ளக் கூடாதே என்று இன்னொருவருக்கு ஒன்று. சால்வை போட்டவருக்கும் பதிலுக்குச் சால்வை. சாதனையாளர்களைக் கூப்பிடும் நேரத்தில் என் பை காலி. விருந்தினர் ரயிலுக்குக் கிளம்பிவிட்டார். "சான்றிதழ்களை அலுவலகத்தில் பெற்றுக்கொள்ளலாம்" என்று அறிவித்துவிட்டு நன்றியுரைக்குப் போய்விட்டார்கள்.

நான் கீழே பார்த்தேன். ஜெயராணியின் அப்பா இன்னும் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். பங்காளி வேட்டியைத் தட்டிவிட்டு எழுந்துகொண்டிருந்தார். எனக்கு வந்ததே கோபம். நன்றி சொல்லிக்கொண்டிருந்தவர் கையிலிருந்து மைக்கை வாங்கிவிட்டேன். பிடுங்கிவிட்டேன் என்று அவர் சொல்லித் திரிகிறார்.

"பட்டத்தையும் பதவியையும்தான் வாசிக்கிறாக, என்ன செஞ்சாகன்னு ஒருத்தரும் சொல்றதில்ல" என்று நீ வருடா வருடம் முணுமுணுப்பாயே. அதைத்தான் செய்தேன். "எல்லாரும் உக்காருங்க. சால்வை தீந்துபோச்சு. சாதிச்சவுக மேடைக்கு வந்து, என்ன செஞ்சீகன்னு உங்க வீட்டு ஆளுகளுக்குப் புரியிற மாதிரி நீங்களே சொல்லுங்க."

சேகர் சொன்னான், முத்துராமன் சொன்னார். அடடா, நம்மோடு டீ குடிக்கிற ஆட்களா இவ்வளவு செய்திருக்கிறார்கள் என்று எனக்கே மலைப்பாக இருந்தது. கடைசியில் ஜெயராணி வந்தாள். அப்பாவை மட்டும் பார்த்துப் பேசினாள்.

"அப்பா, நாம புழுதியில வெதச்சுட்டு மழைக்காகக் காத்துக் கெடக்கோம். மழ தள்ளிப்போனா மொளச்ச பயிரு கருகிப்போகுது. சில செடிகளோட வேருல கண்ணுக்குத் தெரியாத உயிரு இருக்கு. அது செடியக் காயவிடாமத் தாங்கும். அத எடுத்து வெதநெல்லுல கலக்குறதுதான் எங்க வேல. போன வருசம் ஒங்க வெதயில கருப்பா ஒண்ணு கலந்து குடுத்தேன்ல, அதுதான்."

அவர் எழுந்து நின்றுவிட்டார். "அது நீ செஞ்சதா தாயி? நான் முருகன் காப்பாத்துனான்னுல்ல குன்றக்குடிக்குப் போயி மொட்டை போட்டுட்டு வந்தேன்."

அரங்கமே சிரித்தது. பங்காளி மட்டும் சிரிக்கவில்லை. "எங்களுக்கும் ரெண்டு படி கலந்து குடுத்திருக்கலாம்ல ஆத்தா" என்றார், நிஜமான வருத்தத்தோடு.

வயல் என்ன சொன்னது என்று எனக்கே அப்போதுதான் தெரியும், சாந்தி. ஜெயராணி எங்கே விதைத்துப் பார்த்தாள் என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

"நான் மட்டும் செய்யலப்பா" என்றாள். "அந்த உயிர மொதல்ல கண்டுபிடிச்சது சாந்தி மேடம்."

"அவுக எங்குட்டு இருக்காக? நான் பாக்கணுமே" என்று அவர் கூட்டத்துக்குள் தேடினார்.

ஜெயராணி என்னைப் பார்த்தாள். மைக் என்னிடம் வந்தது. நான் ரெண்டே வரியில் முடித்துக்கொண்டேன் என்றால் நீ நம்புவாயா? "அவுக தவறிட்டாகய்யா. எனக்கு நாத்தனா."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். பிறகு, "எப்படியாச்சும் அவுகளுக்குச் சொல்லிருங்க தாயி. எங்க ஊருல அம்புட்டு வயலும் கருகுச்சு. எங்க வயலு கருகல" என்றார்.

அதற்காகத்தான் இந்தக் கடிதம். வரும் ஆவணியில் அந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் உன் கலவையைப் போட்டு விதைக்கப் போகிறார்கள். ஜெயராணியோடு நானும் போவேன். நீ இருந்திருந்தால், இது யார் செய்தது என்று கேட்டால் சொல்லாமல் சிரித்துக்கொண்டு நிற்பாய். நான் ஒவ்வொரு வரப்பிலும் நின்று உன் பெயரைச் சொல்லுவேன்.

வயல் தாங்கியது, சாந்தி.

உன் மதினி,
கற்பகம்